வெள்ளாடா, செம்மறியா: மொச்சை வாடை எதில் அதிகம்?

செம்மறி மொச்சை அடிக்கும், வெள்ளாடு அடிக்காது என்று ஊரில் ஒரு தீர்ப்பு ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால் அது பாதிதான் சரி. நாலைந்து வயசான, காயடிக்காத வெள்ளாட்டுக் கிடாவை ஒரு சட்டியிலும் ஆறு மாதச் செம்மறிக் குட்டியை இன்னொன்றிலும் வேகவிட்டால், அடுப்படியை விட்டு ஆளை விரட்டுவது கிடாவாகத்தான் இருக்கும்.

வாடை பெரும்பாலும் இருப்பது கொழுப்பில். 4-மெத்தில் ஆக்டனாயிக், 4-எத்தில் ஆக்டனாயிக் என்று இரண்டு கொழுப்பு அமிலங்கள், இரண்டு ஆட்டிலும் உண்டு, துளி இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். வயசு கூடக் கூட இவை கூடும், காயடிக்காத ஆணில் இன்னும் கூடும். அது போக, பருவத்துக்கு வந்த கிடா தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரத்தை அடித்துக்கொள்ளும். தோலைத் தொட்ட கையோடு கறியைத் தொட்டால் அந்த நாற்றமும் சேர்ந்து வரும், அதனால் உரிக்கிறவருடைய கை சுத்தமும் இதில் ஒரு கட்சிக்காரர்.

அப்படியானால் வெள்ளாட்டுக்கு எப்படி நல்ல பெயர்? கொழுப்பு இருக்கும் இடம்தான் காரணம். வெள்ளாட்டுக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுக்குள், குண்டிக்காயைச் சுற்றி இருக்கும். கறி தனியாக வந்துவிடும். செம்மறிக்குத் தோலுக்கடியிலும் சதைக்கு நடுவிலும் படிந்திருப்பதால் துண்டோடு துண்டாகச் சட்டிக்கே வந்து சேரும், ஆறினால் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் செம்மறிக் கறி மெத்தென்று இருப்பதும் அதே கொழுப்பால்தான், வெள்ளாடு கொஞ்சம் கவனம் தப்பினால் நார் நாராக வறண்டுவிடும்.

தீவனமும் உண்டு. பசும்புல், குதிரைமசால் என்று மேய்ந்த ஆட்டின் கொழுப்பில் ஸ்கேடோல் என்ற வாடைப் பொருள் சேரும், தானியம் தின்று வளர்ந்ததில் அது குறைவு. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் ஆட்கள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆட்டுக்கறியை வாங்கி 'ஒரு மாதிரி அடிக்குது' என்பதற்கு, புல்வெளியில் மேய்ந்த செம்மறி என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதற்கெல்லாம் மேல் மூக்குக்கு மூக்கு வித்தியாசம். பன்றியில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது: காயடிக்காத ஆண் பன்றியின் கறியில் வரும் ஆண்ட்ரோஸ்டினோன் என்ற வாடைப் பொருள் சிலருக்கு மூத்திர நாற்றம், சிலருக்கு இனிப்பு, சிலருக்கு ஒன்றுமே தெரியாது. மூக்கு வாடையை உணர உதவும் ஓஆர்7டி4 என்ற மரபணுவின் வேறுபாட்டுக்கு இதில் பங்கு இருக்கிறது என்று 2007-இல் கண்டுபிடித்தார்கள். ஆகவே ஒரே குழம்பைச் சாப்பிட்டு ஒருவர் முகம் சுளித்தால் அவர் பிகு பண்ணுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? பிரியாணிக்கு இளம் வெள்ளாடுதான், யோசிக்கவே வேண்டாம். தம்மில் மூடி வைக்கும்போது வாடைக்கு வெளியே போக வழியில்லை, அத்தனையும் அரிசிக்குள் இறங்கிவிடும். உப்புக்கண்டத்துக்கும் வெள்ளாடே, கொழுப்பு இருந்தால் காய்ந்த பிறகு சிக்கு வாடை வரும். சுக்காவுக்கும் கோலா உருண்டைக்கும் நான் செம்மறிக் குட்டி பக்கம். தன் கொழுப்பிலேயே வதங்கும் சுக்காவுக்கு வெள்ளாடு ஈடு கொடுக்காது, இதில் சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

கடையில் 'வெள்ளாடா?' என்று கேட்பதைவிட 'பல் போட்டதா?' என்று கேளுங்கள். ஒரு வயசு தாண்டித்தான் பால்பல் விழுந்து முன்னால் இரண்டு பெரிய பல் முளைக்கும், தலை பக்கத்தில் கிடந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பல் போடாத குட்டி என்றால் எந்த இனமானாலும் தைரியமாக வாங்கலாம். பல் போட்ட கிடா என்றால் காயடித்ததா என்பது அடுத்த கேள்வி.

முத்தின கிடாதான் கிடைத்தது என்றால் பத்து தண்ணீரில் அலசுவதில் பெரிய பயன் இல்லை, கொழுப்பு தண்ணீரில் போகாது. கொழுப்பையும் சவ்வையும் கத்தியால் எடுத்துவிட்டு, இஞ்சி பூண்டும் மிளகும் தூக்கலாகப் போட்டு, கொஞ்ச நேரமாவது மூடாமல் கொதிக்க விடுங்கள். அப்புறமும் வீட்டில் ஒருவர் மூக்கைப் பொத்தினால் அவருக்கு மட்டும் ஒரு ஆம்லெட்.