வீட்டில் இரண்டாவது அகதி வழக்கு: அண்ணாவின் கோப்பைக் காட்டுவதா, தனியாக நிற்பதா?

பிரித்தானியாவில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஏற்கெனவே அகதி அந்தஸ்து கிடைத்திருக்க, பின்னால் வந்து தஞ்சம் கேட்பவருக்கு ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி வரும். அவருடைய பழைய கோப்பை நம் வழக்கில் சேர்ப்பதா, அல்லது அதைத் தொடாமல் நம் கதையை மட்டும் சொல்வதா? லண்டனில் இரண்டு பக்கமும் அடித்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் அண்ணாவின் கோப்பைச் சேர்த்தேன். இன்றைக்கும் அந்தப் பக்கம்தான் என் சாய்வு.

குடும்ப இணைவு விசா என்று மூன்றாவது வழியைச் சிலர் சொல்வார்கள். அது துணைக்கும் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் உரியது, கூடப் பிறந்தவர்களுக்கு அல்ல. அதற்கும் 2025 செப்டம்பர் 4ஆம் தேதியோடு புதிய விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தார்கள். அதை விடுவோம்.

தனியாக நிற்பதில் வசதி இல்லாமல் இல்லை. வேலை சுருக்கம். அண்ணா தன் வாழ்க்கையில் மறக்க நினைக்கும் பக்கங்களைத் தம்பி புரட்ட வேண்டியதில்லை. அவர் தொண்ணூறுகளில் வந்தவர், உங்களுக்குப் பிரச்சினை வந்தது யுத்தம் முடிந்து பல வருடம் கழித்து ஒரு காணாமல் ஆக்கப்பட்டோர் போராட்டத்தில் என்றால், இரண்டு கதைக்கும் தொடர்பே இருக்காது. அப்படியானவர்கள் தனியாகப் போகலாம், தப்பில்லை.

ஆனால் பெரும்பாலான நம் வீடுகளில் கதை ஒன்றுதான். அண்ணாவைத் தேடி வந்தவர்கள்தான் பிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அங்கே ‘கோப்பைத் தொட வேண்டாம்’ என்ற ஆலோசனையில் ஒரு ஓட்டை இருக்கிறது. தஞ்சம் கேட்டதும் நடக்கும் முதல் நேர்காணலான ஸ்கிரீனிங் இன்ரவியூவிலேயே இங்கே உறவினர் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். பதில் சொன்ன உடனே ஹோம் ஒபிஸுக்கு (பிரித்தானிய உள்துறை அமைச்சுக்கு) அண்ணாவைத் தெரியும். அவருடைய கோப்பு அவர்களிடமே இருக்கிறது. அதை அவர்கள் பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம், அது நம் கையில் இல்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நாம் தெரிந்துகொண்டு போகிறோமா, தெரியாமல் போகிறோமா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. எனக்கு இந்த ஒன்றே போதுமாக இருந்தது.

எடுப்பது கஷ்டமில்லை. அண்ணா சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைத்தால், தன்னைப் பற்றிய பதிவுகளைக் கேட்கும் உரிமையின் கீழ் லோயர் விண்ணப்பிப்பார். கட்டணம் இல்லை. ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்பது சட்டம். சிக்கலான கோப்பு என்றால் மேலும் இரண்டு மாதம் நீட்டலாம். ஆகவே கேஸ் போட்ட கையோடு கேட்டுவிடுவது நல்லது.

அண்ணாவின் கோப்பு வந்தபோது நான் முதலில் தேடியது குடும்ப விபரப் பக்கத்தை. அந்தக் காலத்து இன்ரவியூ என்பதால் அதிகாரியின் கையெழுத்தில் இருந்தது. ஊர்ப் பெயர்கள் எல்லாம் காதில் விழுந்தபடி. வட்டக்கச்சியைக் கண்டுபிடிக்க எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. என் பிறந்த வருடம் ஒன்று பிந்தியிருந்தது. அதைவிடப் பெரியது இன்னொன்று: ‘தம்பி அப்பாவோடு கிளிநொச்சியில் இருக்கிறான்’ என்று அண்ணா சொல்லியிருந்தார். நானோ அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 தரைப்பாதை பூட்டியபோது நான் அங்கே மாட்டிக்கொண்டேன். கொழும்பில் ஒளிந்திருந்த அண்ணாவுக்கு வீட்டோடு தொடர்பு இல்லை, நான் வீட்டில்தான் இருப்பேன் என்று நினைத்திருக்கிறார். இதை என் வாக்குமூலத்தில் தனிப் பந்தியாக எழுதி, அண்ணாவும் தன் பக்கத்தை எழுதிக் கொடுத்தார். இரண்டு வாக்குமூலத்தையும் ஒன்றுபோல் ஆக்கிவிடலாம் என்று சொல்ல ஆட்கள் இருப்பார்கள். கிட்டவும் போகாதீர்கள். முரண்பாடு ஏன் வந்தது என்று உள்ளதைச் சொன்னால் அதுவே கதைக்குப் பலம். இதே விஷயம் முன்னறிவிப்பில்லாமல் இன்ரவியூவில் கேள்வியாக வந்திருந்தால் நான் முழித்திருப்பேன்.

கோப்பின் பெறுமதி எல்லா வீட்டுக்கும் ஒன்றல்ல. ஹோம் ஒபிஸ் நேரடியாக அந்தஸ்து கொடுத்திருந்தால் கையில் இருப்பது வெறும் அனுமதிக் கடிதம்தான், அதில் காரணம் எழுத மாட்டார்கள். முதலில் மறுத்து, அப்பீலில் வென்றிருந்தால்தான் நீதிபதியின் தீர்ப்பு இருக்கும்: எதை நம்பினார், எதை நம்பவில்லை என்று பந்தி பந்தியாக. அப்பீல் என்று அலைந்ததை அண்ணா இன்றைக்கும் திட்டுவார், எனக்கு லாபமாகியது அந்த அலைச்சல்தான். ஒரே ஆள் இரண்டாம் முறை வழக்காடினால் முதல் தீர்ப்பே தொடக்கப் புள்ளி என்று 2002இல் தேவசீலன் என்ற ஈழத் தமிழரின் வழக்கில் வகுத்தார்கள். சம்பவங்கள் கணிசமாகப் பொதுவாக இருந்தால் உறவினரின் தீர்ப்புக்கும் அது பொருந்தும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் ஒரு சோமாலியர், ஒரு ஈரானியர் வழக்குகளில் சொன்னது. தொடக்கப் புள்ளிதான், கட்டுப்படுத்தும் முடிவல்ல. இது இரண்டு பக்கமும் வெட்டும்: அண்ணா பொய் சொன்னார் என்று நீதிபதி எழுதியிருந்தால் தொடக்கமும் அதுவே.

ஒன்றில் கவனம் வேண்டும். பழைய தீர்ப்பிலிருந்து வருவது சம்பவங்கள் மட்டுமே, ஆபத்துக் கணிப்பு வராது. அண்ணாவின் வழக்கு இலங்கைத் தமிழர் வழக்குகளுக்கு வழிகாட்டியாக இருந்த 2007ஆம் ஆண்டு எல்பி தீர்ப்பின் பன்னிரண்டு ஆபத்துக் காரணிகளை வைத்துப் பார்க்கப்பட்டது. விடுதலைப் புலிகள் இயக்கத்தில் உறவினர் இருப்பது அதில் ஒன்று. அதே வகை வழிகாட்டித் தீர்ப்புகளாக 2013இல் ஜிஜே தீர்ப்பும் 2021இல் கேகே - ஆர்எஸ் தீர்ப்பும் வந்து அளவுகோல் மாறிவிட்டது. பழைய தொடர்பை விட, தனிநாட்டுக் கோரிக்கைக்கு இன்றைக்கு உயிர் கொடுப்பவர் என்று அரசு நம்மைப் பார்க்குமா என்பதே இப்போது பெரிய கேள்வி. ‘அண்ணாவுக்குக் கொடுத்தீர்கள், எனக்கும் தாருங்கள்’ என்று போனால் எடுபடாது. நம்மைத் தேடி வந்தது, இங்கே வந்த பிறகு செய்தது எல்லாம் நம் பெயரில் தனியாக வேண்டும்.

அப்படியென்றால் சம்பவங்களுக்காக மட்டும் இவ்வளவு பாடா? ஆம். 2022 ஜூன் 28 முதல் போட்ட கேஸ்களில், பயத்துக்கான அடிப்படையை ‘இல்லை என்பதை விட ஆம் என்பதே கூடுதல் சாத்தியம்’ என்ற அளவுக்கு நிரூபிக்க வேண்டும். முன்பு இதைவிடக் குறைவான அளவே போதும். கிராம சேவகர் கடிதமும் சமாதான நீதவான் கடிதமும் யாரிடமும் எடுக்கலாம் என்று ஹோம் ஒபிஸுக்குத் தெரியும். இந்த நாட்டு நீதிபதி ஏற்றுக்கொண்ட சம்பவத்தை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது.

அப்புறம், அண்ணாவிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டிய ஒன்று: அந்தஸ்து கிடைத்த பிறகு இலங்கைக்குப் போய் வந்தாரா? பிரித்தானியக் கடவுச்சீட்டோடு நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்ப் படமும் பேஸ்புக்கில் போட்ட அண்ணன்மார் நிறைய. ‘அவரையே ஒன்றும் செய்யவில்லையே’ என்ற கேள்வி நம்மிடம்தான் வரும். என் அண்ணா போகவில்லை. போயிருந்தாலும் கோப்பைச் சேர்த்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அண்ணாவைத் தீர்ப்பாயத்தில் சாட்சியாக ஏற்றுவது பற்றியும் அனுபவத்தில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, என் கேஸ் ஹோம் ஒபிஸோடேயே முடிந்துவிட்டது. அங்கிருந்து வந்த கடிதத்திலும் காரணம் எழுதவில்லை. கோப்பு எவ்வளவு உதவியது என்பது என் ஊகம்தான். தங்கைக்கு இப்படி ஒரு நிலை வந்தால் என் கடிதத்தை விட்டுவிட்டு அண்ணாவின் தீர்ப்பை முதலில் எடுக்கச் சொல்வேன்.