ஈஸ்ட் ஆர்.என்.ஏ. கிட்: கையேட்டை அப்படியே நம்ப வேண்டாம்

ஈஸ்ட் செல்லில் தூது ஆர்.என்.ஏ. சிதையும் வேகத்தை அளப்பதற்காக, சிலிக்கா வடிகுழாய் (column) வகையைச் சேர்ந்த ஆர்.என்.ஏ. பிரித்தெடுப்பு கிட் ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஆர்.பி.பி.1-1 திரிபுடைய (சூட்டில் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் II நொதி செயலிழக்கும்) செல்களை 37 டிகிரி செல்சியஸுக்கு மாற்றிப் புதிய படியெடுப்பை, அதாவது தூது ஆர்.என்.ஏ. உருவாவதை, நிறுத்திய பின், குறித்த நிமிடங்களில் மாதிரி எடுப்பது என் வழக்கம்.

கையேடோ, செல்சுவரைக் கரைக்க நொதி சேர்த்து, 30 டிகிரியில் அரை மணி நேரம் வைக்கச் சொல்கிறது. எம்.எஃப்.ஏ.2 மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வுக்கு அரை ஆயுளே (பாதி சிதைய ஆகும் நேரம்) சில நிமிடங்கள்தான். செல் அதற்குள் தூதின் கடைசியில் உள்ள பாலி-ஏ வாலைக் குறுக்கி, டி.சி.பி.2 நொதியால் அதன் தொடக்கமான 5' முனையைக் காக்கும் தொப்பியை நீக்கி, எக்ஸ்.ஆர்.என்.1 நொதி கொண்டு அந்த முனையிலிருந்து மீதியையும் அரித்துத் தீர்த்துவிடும். முதல் முயற்சியில் பூஜ்ஜிய நிமிட மாதிரியிலேயே அந்தத் தூதைக் காட்டும் பட்டை மங்கலாகத்தான் தெரிந்தது. (நீண்ட ஆயுளுடைய பி.ஜி.கே.1 தூதை மட்டும் பார்ப்பவர் இதைக் கவனித்திருக்கவே மாட்டார்.)

செல்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் கண்ணாடி மணிகளால் உடைத்த பிறகு, அதே வடிகுழாயில் தெளிவான பட்டைகள் கிடைத்தன. டி.என்.ஏ. கலப்பும் இல்லை. 200 நியூக்ளியோடைடுகளுக்குக் குறைவான துண்டுகள் கழுவலில் போய்விடுவதால், சிறிய சிதைவுத் துண்டுகளைத் தேடுவோர் சூடான ஃபீனால் கொண்டு ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் முறையையே நாடலாம்.