களியக்காவிளையில் ஒரு இத்தாலிய வகுப்பு: பேச வரும், பரீட்சைக்குப் பத்தாது

மார்த்தாண்டத்திலிருந்து பாறசாலை வரை ஜெர்மன் கிளாஸ் போர்டுக்குப் பஞ்சமே இல்லை. இத்தாலியன் என்று கேட்டால்தான் கையை விரிக்கிறார்கள். "மூணு மாசத்துல பி1 கேரண்டி" என்ற ஓரிடத்தில் அட்வான்ஸ் கட்டினேன் (பி1 என்பது மொழித் தேர்ச்சியில் நடுத்தரப் படி). கிடைத்தது ஒரு கட்டு ஜெராக்ஸ். பாடம் எடுத்த பையனுக்கே வாயில் இத்தாலியன் வராது. அட்வான்ஸ் போனது போனதுதான்.

இப்போது போவது களியக்காவிளை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு டீச்சர் வீட்டு மாடிக்கு. மிலானில் வயசான தம்பதி ஒருவரைப் பல வருஷம் கவனித்துவிட்டு ஊர் திரும்பியவர். சனி, ஞாயிறு மதியம் வகுப்பு, மாசம் 2,500 ரூபாய். பாதிப் பேர் நெய்யாற்றின்கரை பக்கத்து மலையாளப் பிள்ளைகள் என்பதால் விளக்கம் இரண்டு மொழியிலும் கலந்து வரும். எல்லையில் வளர்ந்த நமக்கு அதெல்லாம் ஒரு விஷயமா?

டீச்சரின் பலம் உச்சரிப்பு. வகுப்பு தொடங்கியதும் டிக்டேஷன்தான். தொப்பி 'காப்பெல்லோ', தலைமுடிக்கு அதே சொல்லில் ஒற்றை 'ப'. இரட்டித்து வந்தால் நாம் சுலபமாகப் பிடித்துவிடுவோம். சிக்கல் ஒற்றையில்தான். நடுவில் ஒற்றையாக வரும் ப, த, க எல்லாம் நம் நாக்கில் தானாகவே மெலிந்துவிடும். முடி 'காபெல்லோ' என்று 'b' ஓசையில் குழைந்து வரும். இத்தாலியனில் ஒற்றையும் கெட்டியாகவே நிற்கும். உதட்டை மூடி, காற்றை விடாமல், படக்கென்று திறக்க வேண்டும். "மக்களே, அமுக்காத, தட்டி விடு" என்று மேஜையைத் தட்டுவார். நான் பார்த்த எந்த மொழி ஆப்பும் இதை எனக்குச் சொல்லவில்லை. நான் சொன்னது தப்பானாலும் சரியானாலும் ஆப் பச்சை டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

அடுத்தது ரோல்ப்ளே. ஒருத்தி நர்ஸ், ஒருத்தி எண்பது வயது நோயாளி. "தோவே லே ஃபா மாலே?", எங்கே வலிக்குது. இந்த 'லே' மரியாதைக்கு உரியது. பெரியவர்களிடம் 'லேய்' (நீங்கள்) வைத்துத்தான் பேச வேண்டும், வினையும் அதற்கேற்ப மாறும். ஒரு மலையாளப் பிள்ளை நோயாளியிடம் 'தூ' (நீ) என்று சொல்லிவிட்டாள். டீச்சர் நோயாளி ரோலிலிருந்து வெளியே வராமலே முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு, "ஒங்க அம்மச்சிய நீ, வா, போன்னு கூப்பிடுவியா?" என்றார். அந்தப் பாடம் அப்படியே ஒட்டிக்கொண்டது.

வீட்டுப்பாடம் எனக்குப் பிடித்த பகுதி. ஞாயிற்றுக்கிழமை ரோமில் மதியம் 12 மணிக்குப் பாப்பரசர் மூவேளைச் செபத்துக்கு முன் இத்தாலியனில் கொஞ்சம் பேசுவார். நம் கணக்கில் கோடையில் மாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. நிதானமான பேச்சு, திரும்பத் திரும்ப வரும் சொற்கள். வத்திக்கான் வானொலியின் தமிழ்ச் செய்தியில் சாராம்சம் கிடைத்துவிடும். முதலில் இத்தாலியனைக் கேட்டு, பிடிபட்டதை எழுதி, பிறகு தமிழில் சரிபார்க்கச் சொல்கிறார். ஓசியில் இதைவிட நல்ல காதுப்பயிற்சி எனக்குத் தெரியாது. கோயிலுக்குப் போகிறவர்களுக்கு விஷயம் முன்பே பழக்கம் என்பது கூடுதல் லாபம். வேறு சமயத்தவர்களும் எங்கள் வகுப்பில் கேட்கிறார்கள், யாரும் முணுமுணுக்கவில்லை.

குறைக்கு வருகிறேன். எழுத்து வேலை அறவே கிடையாது. இறந்தகாலத்துக்கு எப்போது 'எஸ்ஸெரே', எப்போது 'அவெரே' துணைவினை வரும் என்று கேட்டால், "பேசப் பேச வரும் மக்களே" என்பதுதான் பதில். 'சோனோ அந்தாத்தா' (நான் போனேன்) என்று பெண் சொன்னால் 'ஆ'வில் முடிவதும், ஆண் சொன்னால் 'ஓ'வில் முடிவதும் எனக்கு லாங்குவேஜ் ட்ரான்ஸ்ஃபர் என்ற இலவச ஆடியோ பாடத்தைக் கேட்ட பிறகே புரிந்தது. அது ஆங்கில வழி, ஆனால் மெதுவாக, யோசிக்கவைத்துக் கற்றுத்தரும். பஸ்ஸில் கேட்கலாம்.

பரீட்சை எழுதுகிறவர்கள் கவனிக்கவும். சியேனாவிலுள்ள வெளிநாட்டவர் பல்கலைக்கழகத்தின் சில்ஸ், பெருஜியாவிலுள்ள வெளிநாட்டவர் பல்கலைக்கழகத்தின் செலி ஆகிய இரண்டு இத்தாலியச் சான்றிதழ் தேர்விலும் எழுத்துப் பகுதி உண்டு. சில்ஸின் பழைய வினாத்தாளும் ஆடியோவும் சியேனா தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். டீச்சர் அதைத் தொடவே இல்லை. ஒருமுறை அச்செடுத்துக் கொடுத்தேன். "நான் பரீட்சை எழுதாம மிலான்ல இருந்தவ" என்று சிரித்துக்கொண்டே கட்டன் சாயாவும் பழம்பொரியும் வைத்தார். இதனால் எழுத்துக்கு ஆன்லைனில் தனியாக ஒரு ஆளைப் பிடித்திருக்கிறேன், அது வேறு செலவு.

ஆரம்ப நிலையில் இருப்பவர்கள், வேலைக்குப் போய்க் கிழவர் கிழவிகளோடு பேச வேண்டியவர்கள் தயங்காமல் சேரலாம். பி1 சான்றிதழ் அவசரமாக வேண்டும் என்றால் இங்கே மட்டும் நம்பி உட்காராதீர்கள். முதல் வகுப்பு இலவசம், சும்மா உட்கார்ந்து பாருங்கள். கோடு போட்ட நோட்டு கொண்டு போங்கள், கோடில்லாத நோட்டைக் கண்டால் டீச்சருக்குப் பிடிக்காது.