பழைய கைபேசியே சுருதிப்பெட்டி: மூன்று வருட அனுபவம்

மகளைப் பாட்டு வகுப்பில் சேர்த்திருக்கும் நண்பர் நேற்றுக் கேட்டார்: "எலக்ட்ரானிக் தம்புரா ஒன்று வாங்கிவிடட்டுமா, இல்லை உங்களைப்போலக் கைபேசியிலேயே ஓட்டிவிடலாமா?" ஒரு வரியில் பதில் வரவில்லை.

எங்கள் வீட்டுச் சுருதி, திரையில் விரிசல் விழுந்து ஓய்வுபெற்ற என் பழைய கைபேசிதான். சிம் கிடையாது, இணையமும் கிடையாது. ஆகவே பாட்டின் நடுவே அழைப்பு வராது. இலவசச் செயலியின் விளம்பரமும் எட்டிப் பார்க்காது.

ஆனால் கைபேசியின் சொந்த ஸ்பீக்கரை நம்ப வேண்டாம். மகளின் சுருதி 5½ கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). மந்திர ஷட்ஜம், அதாவது கீழ் ஸ்தாயியின் 'ஸ', ஏறத்தாழ 104 ஹெர்ட்ஸ். விரல்நக அளவு ஸ்பீக்கரால் அதைச் சரியாக எழுப்பவே முடியாது. அதற்கு மேலே ஒலிக்கும் கிளைநாதங்களைக் கொண்டு காதுதான் அடிநாதத்தை இட்டு நிரப்பிக்கொள்கிறது. குழந்தை வாய் திறந்ததும் அந்தக் கற்பனை அடி கரைந்துபோகும். பரணில் கிடந்த பழைய கணினி ஸ்பீக்கரை, வூஃபரோடு இறக்கித் தூசி தட்டி இணைத்தேன். சுருதிக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தது.

செயலியின் தம்புரா எனக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியையிடம் கேட்டு, அவருடைய தம்புராவை ஒரு நிமிடம் பதிந்து, எம்பி3 ஆக்கிச் சுழலவிட்டேன். அப்படி மாற்றும்போது கோப்பின் இரு முனையிலும் இமைப்பொழுது மௌனம் ஒட்டிக்கொள்ளும் என்பது அப்போது தெரியாது. நிமிடத்துக்கு ஓர் இடறல். மகளோ அந்த இடறலுக்குக் காத்திருந்து மூச்சு வாங்கப் பழகிவிட்டாள்! "ஏன் அங்கேயே நிறுத்துகிறாள்?" என்று ஆசிரியை கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. மறுமுறை இருபது நிமிடம் தொடர்ந்து மீட்டச் சொல்லிப் பதிந்தேன். அது வேவ் கோப்பாகவே ஓடுகிறது. மந்திரத் தந்தியிலிருந்து தானாகக் கிளம்பும் அந்தர காந்தாரம் என்ற 'க' ஸ்வரம்கூடக் கேட்கிறது. முடிவில் கை வலித்த ஆசிரியையின் குரல்: "போதுமா?" அதை வெட்டிவிடப் பார்த்தேன், மகள் விடவில்லை. தினமும் அந்தக் குரல் கேட்ட பிறகுதான் எழுந்திருக்கிறாள். மொத்தச் செலவு, ஆசிரியைக்கு வாங்கிப்போன ஒரு சீப்பு வாழைப்பழம்.

இனி என் வயிற்றெரிச்சல். சார்ஜரும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் கைபேசியில் செருகியிருந்தால் ஒரு ரீங்காரம் எழுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரீங்காரத்தில் ஓங்கி நிற்பது அதன் இரட்டிப்பான 100. மகளின் ஷட்ஜமோ 104. அதாவது சுவருக்குள்ளிருந்து யாரோ ஒருவர், ஷட்ஜத்துக்கும் அதற்கு அடுத்த கீழ் ஸ்வரமான காகலி நிஷாதத்துக்கும் நடுவே நின்றுகொண்டு, மூச்சே விடாமல் கூடப் பாடுகிறார். இரண்டும் உரசி விநாடிக்கு நான்கு தடவை அலையடிக்கிறது. இதைக் கேட்டுக்கொண்டு ஒரு குழந்தைக்குச் சுருதி ஞானம் எப்படி வரும்? கேபிளை மாற்றினேன், சார்ஜரை மாற்றினேன், பிளக்கைத் திருப்பிச் செருகினேன். எதற்கும் மசியவில்லை. சார்ஜரைப் பிடுங்கினால் மட்டும் அந்தக் கணமே அமைதி.

பிடுங்கிவிட்டுப் பாடலாமே என்பீர்கள். பாடலாம். முந்தின இரவு மறக்காமல் சார்ஜ் போட்டிருந்தால் கிழட்டு பேட்டரி முப்பத்தைந்து நிமிடம் தாங்கும். மறந்தால், மகள் பாடும் வர்ணத்தின் பின்பகுதியான சரணத்தில் கண்ணை மூடிவிடும், அதுவும் சரியாகச் சரண ஸ்வரங்களுக்குப் போகும்போது. கோபத்தை யார்மீது காட்டுவது? எல்லாம் என் வீட்டுப் பொருள்கள், பில்கூடக் கிடையாது.

மூன்று வருடத்தில் சில ஆயிரம் ரூபாய் மிச்சம். நாதத்தில் கடைப்பெட்டி இதன் பக்கத்தில் வராது என்பதும் என் கட்சி. இருந்தாலும் நண்பருக்கு, "பேசாமல் பெட்டியை வாங்கிவிடுங்கள்" என்றுதான் பதில் அனுப்பினேன். இன்று காலையும் சரணத்தில் நின்றுபோயிருந்தது. அனுப்பிவிட்டு உள்ளே போய்க் கைபேசியைச் சார்ஜில் போட்டேன். நாளைக் காலை ஐந்தரைக்குப் பாட்டுச் சாதகம்.