சிறுநீரகம் தளர்ந்த நாய்க்கு மருத்துவ உணவா, வீட்டுச் சமையலா?

சிறுநீரக நோய் இரண்டாம் கட்டம் என்று ரத்தப் பரிசோதனை சொன்னதும் எழும் கேள்வி இது. எங்கள் ஓட்டு, சிறுநீரக நோய்க்கென்றே தயாரித்து விற்கப்படும் மருத்துவ உணவுக்கே. ராயல் கேனின் ரீனல், ஹில்ஸ் கே/டி இரண்டில் நாய் எதைச் சாப்பிடுகிறதோ அதுவே நல்லது.

விலை, அடுப்படி நேரம் எல்லாம் தெரிந்ததே. தீர்மானிப்பது பாஸ்பரஸ். பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றத் திணறும்; ரத்தத்தில் தேங்கினால் நோய் வேகமெடுக்கும். நோயை நான்கு கட்டங்களாகப் பிரிக்கும் பன்னாட்டுக் கால்நடைச் சிறுநீரக நிபுணர் அமைப்பான ஐரிஸின் வழிகாட்டி, ரத்தப் பாஸ்பேட்டை (ரத்தத்தில் பாஸ்பரஸ் இருக்கும் வடிவம்) இரண்டாம் கட்டத்தில் லிட்டருக்கு 1.5 மில்லிமோலுக்குள்ளும் மூன்றாம் கட்டத்தில் 1.6க்குள்ளும் வைக்கச் சொல்கிறது.

வீட்டுச் சமையலில் இது எளிதாகத் தவறிவிடும். வெந்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 220 மில்லிகிராம் பாஸ்பரஸ். வெந்த கோழி ஈரலில் 400. முட்டை வெள்ளைக்கருவில் வெறும் 15, மஞ்சள் கருவில் 390. அப்படியானால் வெள்ளைக்கருவும் சோறும் போதுமே என்று தோன்றும். போதாது. கால்சியம், துத்தநாகம், வைட்டமின் டி எல்லாம் குறையும். கால்சியத்துக்கு எலும்புத்தூள் போட்டால் பாஸ்பரஸும் கூடவே வரும். கால்சியம் கார்பனேட்தான் சரி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2012இல் நாய், பூனைகளின் சிறுநீரக நோய்க்கான 67 செய்முறைகளை அலசினார்கள். எல்லாச் சத்தும் போதிய அளவில் இருந்த செய்முறை ஒன்றுகூட இல்லை.

வீட்டுச் சமையல் வெல்லும் இடமும் உண்டு. சிறுநீரக உணவுகளில் கொழுப்பு பெரும்பாலும் கூடுதல். கணைய அழற்சி வந்த ஷ்னாவ்ஸர் இன நாய்க்கு அது ஆபத்து. அங்கே கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் கிராம் கணக்கில் எழுதித் தரும் செய்முறைதான் வழி. அதிலும் கைப்பக்குவம் கூடாது, தராசு வேண்டும். முதல் கட்டத்தில், பாஸ்பேட் சரியாக இருந்தால், மருத்துவ உணவுக்கு அவசரமில்லை. கடைசிக் கட்டத்தில் எதையாவது சாப்பிட்டாலே போதும் என்ற நிலை வரலாம்.

மாற்றும்போது பழைய உணவில் கால் பங்கு புதியதைக் கலந்து, இரண்டு மூன்று வாரத்தில் முழுதாக மாற்றுங்கள். குமட்டல் உள்ள நாளில் தொடங்கினால் அந்த மணத்தையே வெறுத்துவிடும். டின் உணவை வெதுவெதுப்பாக்கினால் மணம் எழும். ஊறவைத்த உலர் உணவு சிங்கப்பூர் வெக்கையில் சீக்கிரம் கெடும். மிச்சத்தை அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறை மதியத்தில் 30 பாகையைத் தாண்டுவதால் உலர் உணவைப் பெரிய மூட்டையாக வாங்குவதில் லாபமில்லை, கொழுப்பு சிக்கு வாடை பிடிக்கும்.

இத்தனை செய்தும் பாஸ்பேட் இறங்கவில்லையா? முதலில் தாத்தா பாட்டியை விசாரியுங்கள். நெத்திலிக் கருவாடும் சீஸும் ஒரு வாய் தயிர்சாதமும் கணக்கில் வராமலே போகும். அதன் பிறகும் நான்கு முதல் ஆறு வாரத்தில் எடுக்கும் மறு பரிசோதனையில் அளவு உயர்ந்தே இருந்தால், உணவிலுள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும் பாஸ்பேட் பிணைப்பு மருந்தை மருத்துவர் தருவார். அதைச் சாப்பாட்டோடு கலந்தே கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் பிணைக்க அங்கே ஒன்றும் இருக்காது.