ஜூம் எச்1என் ஒலிப்பதிவுக் கருவி: பேட்டி எடுப்பவரின் பார்வையில்

இசைக் கலைஞர்களையும் நகைச்சுவைக் கலைஞர்களையும் பேட்டி கண்டு, கட்டுரைக்கு இவ்வளவு என்ற கணக்கில் இதழ்களுக்கு எழுதி வருகிறேன். பதிவு கெட்டுப்போனால் எனக்குக் கட்டுரையும் இல்லை, பணமும் இல்லை. கைப்பேசியை மட்டும் நம்பியிருந்த காலத்தில் அப்படி ஒரு முறை நடந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து நாகஸ்வர வித்வான் ஒருவர், ஊதுமுனையான சீவாளியை நனைத்துக்கொண்டே, தோடி ராகத்தின் காந்தாரம் என்ற ஸ்வரத்தை எப்படி அசைக்க வேண்டும் என்று பாடிக் காட்டத் தொடங்கிய நேரத்தில் ஓர் அழைப்பு வந்து பதிவு நின்றுபோயிற்று. நான் அதைக் கவனித்தபோது அவர் தம் குருநாதரைப் பற்றிய பேச்சுக்குப் போய்விட்டார். வயதில் அவ்வளவு பெரியவரை மறுபடியும் பாடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு வாங்கியதுதான் இந்தக் கருவி.

2018இல் வெளிவந்த எச்1என், சட்டைப்பையில் அடங்கிவிடும். இரண்டு ஏஏஏ பேட்டரிகளில் ஏறத்தாழ 10 மணி நேரம் ஓடும் என்பதால், மார்கழியில் காலையில் மயிலாப்பூரில் ஒருவர், மாலையில் மியூசிக் அகாடமியில் ஒருவர் என்று அலையும் நாளிலும் கவலை இல்லை. சுவிட்சை ஹோல்டுக்குத் தள்ளிவிட்டால், தவறிக் கை பட்டாலும் பதிவு நிற்காது. உள்நினைவகம் கிடையாது, 32 ஜிபி வரையிலான மைக்ரோ எஸ்டி கார்டு போட வேண்டும். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு சுமார் 635 எம்பி பிடிக்கும்; 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் அதுவே 2 ஜிபியைத் தாண்டும். பேச்சுக்கு முன்னது தாராளமாகப் போதும்.

என்னைப் பொறுத்தவரை இதன் பெரிய பலம், முகப்பில் உள்ள, பதிவாகும் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுதான். தானியங்கி அளவுமுறையில் விட்டால், கலைஞர் பேசாமல் யோசிக்கும் கணத்தில் கருவி ஒலியை ஏற்றிவிடும். மின்விசிறியின் இரைச்சல் மேலெழும். அவர் உரக்கப் பாடியதும் சட்டென்று இறக்கிவிடும். பாட்டில் இருந்த ஏற்ற இறக்கம் பதிவில் தட்டையாகிவிடும். ஆகவே நான் தானியங்கியை அணைத்துவிட்டு, அவரை முதலில் ஒரு வரி பாடச் சொல்லி, அதற்கேற்பத் திருகை வைத்துக்கொள்கிறேன். திடீர் உச்சத்துக்காக, ஒலி எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரை மட்டும் போட்டுவைக்கிறேன். 120 டெசிபெல் வரை தாங்கும் மைக்குகள் என்றாலும், நாகஸ்வரமும் தவிலும் சேரும் இடத்தில் சில அடிகள் தள்ளி வைப்பதே நல்லது.

நகைச்சுவைக் கலைஞரிடம் இந்தத் திருகு வேறு விதமாக உதவுகிறது. மேடை நகைச்சுவையாளர் ஒருவர் ஒரே வரியை எனக்கு இரண்டு முறை சொல்லிக் காட்டினார்: முதல் முறை கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்தவில்லை, இரண்டாம் முறை ஏறத்தாழ ஒன்றரை விநாடி நிறுத்தினார். இரண்டாவதற்குத்தான் பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த மௌனம் இரைச்சல் ஏறாமல் அப்படியே பதிவாகியிருந்ததால்தான் அளந்து எழுத முடிந்தது. எழுத்தில் இறக்கிய வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர் தொழிலைப் பற்றி என்னால் எதையும் சொல்லியிருக்க முடியாது.

பதிவை 50 சதவீத வேகம் வரை குறைத்துக் கேட்கலாம். ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை எழுத்தில் விளக்க முயல்பவர்களுக்கு இது பெரிய வரம். காந்தாரம் எத்தனை முறை அசைகிறது, எங்கே தங்குகிறது என்று எண்ணி எண்ணிக் கேட்டிருக்கிறேன்.

கையடக்கக் கருவிகள் எல்லாவற்றையும் போல, கையில் பிடித்தால் விரல் உராய்வதும் பதிவாகும். அடியில் உள்ள திருகாணித் துளையில் சிறு முக்காலியைப் பொருத்தி, மேசையில் மடித்த துண்டின் மேல் வைத்துவிடுகிறேன். காற்றடிக்கும் கோயில் பிராகாரத்தில் பேட்டி என்றால் பஞ்சு உறை கட்டாயம்.

வெறும் பேச்சுப் பேட்டி மட்டும் எடுப்பவர், கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுக்கொண்டால் போதும். இதை வாங்க வேண்டியதில்லை. எதிரில் இருப்பவர் எந்த நேரமும் பாடிக் காட்டக்கூடியவர் என்றால் தயங்காமல் வாங்கலாம்.