சிசிபஸா, டான்டலஸா: எந்தக் கதையைச் சொல்வது?

கிரேக்கப் புராணத்தின் முடிவில்லாத தண்டனைகளில் ஒன்றை வகுப்பிலோ மேடையிலோ சொல்ல நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இருவருக்கு நடுவில்தான் தயங்குகிறார்கள். ஹோமரின் ஒடிஸியில் 11ஆம் காண்டத்தில் இருவரும் அடுத்தடுத்து வருகிறார்கள்.

குற்றம்
சிசிபஸ்: கொரிந்து அரசன். தன்னை அழைத்துப்போக வந்த மரணத்தையே விலங்கிட்டு வைத்தான். அப்புறம் பாதாளத்திலிருந்தும் ஏமாற்றித் தப்பினான்.
டான்டலஸ்: பெற்ற மகன் பெலோப்ஸை வெட்டிச் சமைத்துத் தேவர்களுக்குப் பரிமாறினான். கவிஞர் பிண்டார் இதை ஏற்க மறுத்து, தேவர்களின் அமுதைத் திருடியதுதான் குற்றம் என்றார். சிறுவர்களுக்கு அந்த வடிவமே போதும்.

தண்டனை
சிசிபஸ்: கையும் காலும் ஊன்றிப் பாறையை மேலே தள்ளுகிறான். உச்சியைத் தாண்டப்போகும் நேரத்தில் அது உருண்டு சமவெளிக்கே போய்விடும். உடம்பெல்லாம் வேர்வை, தலைக்கு மேல் புழுதி.
டான்டலஸ்: மோவாய் வரை தண்ணீர். குனிந்தால் வற்றி, காலடியில் கறுத்த மண் தெரியும். மேலே மாதுளை, அத்தி, பேரிக்காய். கை நீட்டினால் காற்று அவற்றை மேகம் வரை தூக்கிவிடும்.

எனக்கு டான்டலஸின் நிலைதான் கொடுமையாகப் படுகிறது. பாறையின் பின்னால் இறங்கி நடக்கும் நேரமாவது சிசிபஸுக்குச் சுமையில்லாமல் கிடைக்கிறது.

ஓய்வு
புராணப் பாடகன் ஆர்ஃபியஸ் பாதாளத்தில் பாடியபோது சிசிபஸ் பாறைமேல் உட்கார்ந்துவிட்டான், டான்டலஸ் தண்ணீரைத் தேடவில்லை என்கிறார் ரோமானியக் கவிஞர் ஓவிட்.

வீண் உழைப்பைப் பற்றிப் பேச வேண்டுமா, சிசிபஸ். ஒரு நடிகரும் ஒரு பாறையும் இருந்தால் மேடையேற்றிவிடலாம். தீராத ஏக்கம் என்றால் டான்டலஸ். ஆனால் அதை வாயால் சொல்லுங்கள். வற்றும் குளத்தை மேடையில் காட்டுவது கடினம்.